ஹாக்கிப் பையன் கிளப்பில் எப்போது கையெழுத்துப் போடலாம்?

ஜூனியர் லீக் முடிந்த மறுவாரம் இது நடக்கும். கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் திடலில் ஆட்டம் முடிந்து பையன் மட்டையைப் பையில் போட்டுக்கொண்டிருப்பான். கிளப் மேனேஜர் ஒருவர் வந்து தோளில் கை வைத்து, "தம்பி, அப்பா நம்பரைக் கொடு" என்பார். மறுநாள் வாட்ஸப்பில் மூன்று பக்க ஒப்பந்தம் வந்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று கீழே ஒரு வரி இருக்கும். வீட்டில் உடனே இரண்டு கட்சி. "வீடு தேடி வந்த லட்சுமியை விரட்டலாமா" என்பார் அப்பா. "எஸ்.பி.எம். என்ன ஆவது" என்பார் அம்மா; ஐந்தாம் படிவ இறுதியில் வரும் அரசுச் சோதனை அது. இருவரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த அணியில் பையன் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் திடலில் நிற்பான்?

அதற்குப் போகுமுன் "புரொபஷனல்" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கால்பந்தில் அந்தச் சொல்லுக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் என்று பொருள். மலேசிய ஹாக்கியில் அப்படி இல்லை. மலேசிய ஹாக்கி லீக் சில மாதங்களில் முடிந்துவிடும். அந்தச் சில மாதங்களுக்கான பருவ ஒப்பந்தம்தான் பெரும்பாலான பையன்கள் கைக்கு வருவது. இன்னொரு வழி, மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் போல அணி வைத்திருக்கும் நிறுவனங்களிலும் படைகளிலும் வேலையோடு சேர்ந்து ஆடுவது. மூன்றாவது, தேசியப் பயிற்சி முகாமில் சேர்ந்து தேசிய விளையாட்டு மன்றத்தின் அலவன்ஸ் வாங்குவது. மூன்றையும் "புரொபஷனல் ஆயிட்டான்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் வீட்டுக்கு வருமானம் என்று எழுதிக்கொள்ளக் கூடியது இரண்டாவது மட்டுமே.

1975இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ணம் நடந்தபோது, ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் அரையிறுதி வரை போய் நான்காம் இடம் பிடித்த அணி அமெச்சூர் அணி. பகலில் வேலை, மாலையில் மட்டை. அந்தத் தலைமுறை பிழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்: மட்டையைக் கீழே வைத்த மறுநாளும் சம்பளம் வந்தது. இன்றைக்கு ஆட்டத்தின் வேகமும் பயிற்சி நேரமும் பல மடங்கு கூடிவிட்டதால் அந்த ஏற்பாட்டை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் அதற்குப் பதிலாக வந்த பருவ ஒப்பந்தம் அந்த இடத்தை நிரப்பவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிளப் மாதம் 3,000 ரிங்கிட் தருகிறது, பருவம் 4 மாதம் என்று வைத்துக்கொள்வோம். 18 வயதுப் பையனுக்கு 3,000 பெரிய தொகைதான். மொத்தம் 12,000. அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,000. நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 2025 முதல் 1,700 ரிங்கிட், ஆண்டுக்கு 20,400. அதை எட்ட வேண்டுமானால் நான்கு மாதப் பருவத்தில் மாதம் 5,100 தர வேண்டும். தேசிய அணிச் சட்டை போடாத பையனுக்கு யாரும் அதைத் தருவதில்லை. இதோடு இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதியைச் சேருங்கள். 2,000 ரிங்கிட் நிரந்தர வேலை என்றால் பையன் பங்கு 11 விழுக்காடு 220, முதலாளி பங்கு 13 விழுக்காடு 260. ஆண்டுக்கு 5,760 இ.பி.எஃப். கணக்கில் ஏறுகிறது. சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதியும் உண்டு, வேலைக்குப் போகும் வழியில் மோட்டாரில் விழுந்தாலும் அது கைகொடுக்கும். பருவ ஒப்பந்தத்தில் "அலவன்ஸ்" என்ற சொல் இருந்தால் இவை எதுவும் இருக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்ப்பது முதல் வேலை.

இனி நிமிடங்களுக்கு வருவோம். ஓர் ஆட்டம் 15 நிமிடம் வீதம் 4 கால் பகுதி, மொத்தம் 60 நிமிடம். கோல் காவலரைத் தவிர 10 பேர் திடலில். ஆக ஒரு ஆட்டத்தில் பங்கிட 600 நிமிடம் இருக்கிறது. இரண்டு காவலர்களோடு 18 பேர் அணி என்றால் மீதி 16 பேருக்கும் சராசரி 37 நிமிடத்துக்கு மேல் வரவேண்டும். வருவதில்லை. மூத்த ஆட்டக்காரர்கள் 50 நிமிடம் எடுத்துக்கொள்வார்கள். ஆளை எத்தனை முறையும் மாற்றலாம் என்ற விதி இருப்பதால் புதுப் பையனைப் பயிற்றுநர் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று உள்ளே அனுப்பி வெளியே எடுப்பார். ஆட்ட முடிவில் கூட்டினால் 8 அல்லது 10. அதே பையன் ஜூனியர் அணியில் 50 நிமிடம் ஆடியவன்.

8 நிமிடத்தில் யாரும் ஹாக்கி கற்றுக்கொள்வதில்லை. தவறு செய்ய, அதைத் திருத்த, அடுத்த முறை வேறு வழி பார்க்க நேரம் வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு உள்ளே போகும் பையன் பந்தை வாங்கியதும் பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடுவான், ஏனென்றால் பந்தை இழந்தால் உடனே பெஞ்சுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். இப்படி ஒரு பருவம் போனால், துணிந்து ஆடிய பையன் பயந்து ஆடும் பையனாகத் திரும்புகிறான். 17 வயதில் கொடிகட்டிப் பறந்த எத்தனையோ பேர் 20இல் காணாமல் போவதற்குக் காயத்தை விட இதுவே பெரிய காரணம் என்பது நம் கணிப்பு. ஆகவே தந்தை மேனேஜரிடம் கேட்க வேண்டியது சம்பளத்தை அல்ல. "அவன் இடத்தில் ஏற்கெனவே யார் ஆடுகிறார்? வெளிநாட்டு ஆட்டக்காரரை எந்த இடத்துக்கு எடுக்கப் போகிறீர்கள்?" இந்த இரண்டுக்கும் நேரான பதில் வந்தால் பேச்சைத் தொடரலாம். வெளிநாட்டவரைக் கிளப்புகள் பெரும்பாலும் வாங்குவது பெனால்டி கார்னர் (கோலருகே எதிரணி செய்த தவறுக்குக் கிடைக்கும் அடி) அடிக்கவும் நடுக்களத்தை நடத்தவும்தான். உங்கள் பையன் அந்தக் கார்னரில் பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி கோலுக்கு அனுப்பும் டிராக் ஃபிளிக் ஆள் என்றால், வெளிநாட்டு ஃபிளிக்கர் உள்ள அணியில் அவன் அந்தப் பருவம் முழுக்க பந்தைத் தடுத்து நிறுத்தித் தரும் ஆளாகவே இருப்பான்.

நல்ல மேனேஜர் என்றால் ஒரு சமரசத்துக்கு இடம் கொடுப்பார்: மூத்த அணியோடு வாரம் இரண்டு நாள் பயிற்சி மட்டும், ஆட்டம் ஜூனியர் லீக்கிலேயே. பணம் குறையும். ஆனால் 17, 18 வயதுக்கு இதை விடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

பையன் தயாரா என்பதை எப்படிப் பார்ப்பது? கோல் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். ஆண் பிள்ளைகள் மளமளவென்று உயரும் காலம் சராசரி 14 வயது. ஆனால் ஒருவனுக்கு 12இலும் இன்னொருவனுக்கு 16இலும் வரும். மூன்றாம் படிவத்திலேயே மீசை முளைத்தவன் பள்ளிப் போட்டியில் எல்லோரையும் ஓடி முந்துவான். ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஒரே வயதுப் பிரிவு என்பதால் 11 மாத இடைவெளி வேறு சேர்ந்துகொள்ளும். 19 வயதில் மற்றவர்கள் எட்டிப் பிடித்ததும், கால் வேகத்தை மட்டும் வைத்துப் பிழைத்தவனிடம் மீதி ஒன்றும் இருக்காது.

பார்க்க வேண்டியது இதை. தன்னை விட இரண்டு மூன்று வயது மூத்தவர்களோடு ஆடும் ஒரு ஆட்டத்துக்குப் போய் உட்காருங்கள். பந்தை விட்டுவிட்டுப் பையனை மட்டும் பாருங்கள். பந்து அவனை நோக்கி உருளத் தொடங்கும் நேரத்துக்கும் மட்டையில் படும் நேரத்துக்கும் இடையே எத்தனை முறை தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறான்? ஒரு முறையும் இல்லையென்றால் பந்தை வாங்கிய பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறான் என்று பொருள். பள்ளி ஆட்டத்தில் அதற்கு அவகாசம் உண்டு. நனைந்த நீல டர்ஃபில், மூத்தவர்கள் ஆட்டத்தில், அவன் யோசித்து முடிப்பதற்குள் எதிராளி மட்டை பந்தில் இருக்கும். இரண்டு முறை பார்க்கிறவன், பந்தை வாங்குமுன்பே உடலைப் போக வேண்டிய திசைக்குத் திருப்பி வைக்கிறவன், ஒல்லியாக இருந்தாலும் பரவாயில்லை. உடம்பு பின்னால் வரும். அந்தப் பழக்கம் பின்னால் வருவது கடினம்.

ஓட்டத் தெம்புக்கு யோ-யோ சோதனை இருக்கிறது: 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்பி, 10 வினாடி இளைப்பாறி, மணி ஒலிக்கேற்ப வேகம் கூட்டுவது. சர்வதேச அணி நடுக்களத்தார் முதல் நிலைச் சோதனையில் 20ஆம் படியை ஒட்டியோ தாண்டியோ ஓடுகிறார்கள். பையன் 17ஆம் படியில் நின்றுவிட்டால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை, ஓராண்டுப் பயிற்சியில் ஏறக் கூடியதுதான் அது. ஏறாமல் அப்படியே நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

டிராக் ஃபிளிக் ஆடும் பையன்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அந்த அடியின் காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் உடம்பு என்ன பாடுபடுகிறது என்று தெரியும். இடது கால் முன்னே நீண்டு ஊன்றும். இடுப்பு முழங்கால் மட்டத்துக்கு இறங்கும். பந்து பின்னங்காலுக்கும் பின்னால் இருந்து மட்டைத் தண்டில் ஒட்டிக்கொண்டு இழுபட்டு வரும். முதுகு ஒரே நேரத்தில் பக்கவாட்டில் வளைந்து, முறுக்கி, நிமிரும். அந்த முறுக்கு முழுவதும் கீழ்முதுகு எலும்பிலும் இடது இடுப்பு மூட்டிலும் போய் விழுகிறது. வளர்ந்து முடியாத எலும்பில் மயிரிழை முறிவு விழுவது இப்படித்தான். அடையாளம்: ஒரு பக்கம் மட்டும் கீழ்முதுகு வலி, பின்னால் சாயும்போது கூடும், இரண்டு மூன்று வாரம் ஆகியும் போகாது. சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ. கேட்க வேண்டும். எண்ணெய் போட்டு உருவிவிட்டு மறுநாள் திடலுக்கு அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. மூன்று மாத ஓய்வில் ஆறியிருக்க வேண்டியது ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும்.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, கணக்குதான் இல்லை. பள்ளிப் பயிற்றுநர் 30 ஃபிளிக் கேட்பார். மாநிலப் பயிற்றுநர் 40. ஜூனியர் தேசிய முகாமில் இன்னொரு 40. இப்போது கிளப் வேறு. நான்கு பேருக்கும் நல்ல பெயர் எடுக்கப் பையன் நான்கையும் செய்வான். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை. ஐந்து ரிங்கிட் நோட்டுப் புத்தகம் ஒன்றில் நாள்தோறும் ஃபிளிக் எண்ணிக்கை, ஆடிய நிமிடம், தூக்கம் என மூன்று வரி எழுதி வைத்தால் போதும்; புதிய ஒப்பந்தம் வரும்போது அந்தப் புத்தகத்தைப் பயிற்றுநர் முன்னால் வைக்கலாம். முழு வேக ஃபிளிக் ஒரு நாளைக்கு 40ஐத் தாண்ட வேண்டாம், தொடர்ந்து இரண்டு நாள் வேண்டாம் என்பது நம் கருத்து.

கோல் காவலர்களுக்கு அவசரமே கிடையாது. அந்த இடம் வயதோடு பழுக்கும் இடம். 2018 ஆசிய விளையாட்டு அரையிறுதியில் இந்தியாவைப் பெனால்டி ஷூட்அவுட்டில் வீழ்த்தியபோது மலேசியக் கோலில் நின்ற குமார் சுப்ரமணியத்துக்கு வயது 38. முன்கள ஆட்டக்காரர்கள் 18, 19இல் மூத்த அணிக்குள் நுழைந்துவிட முடியும்; தற்காப்பாளர்கள் இரண்டு ஆண்டு கூடுதலாகக் காத்திருப்பதில் நட்டமில்லை. காவலர் 21இல் முதல் ஒப்பந்தம் போட்டால் அது தாமதமே அல்ல.

படிப்புக்கு வருவோம். ஐந்தாம் படிவத்தில் எந்தக் கையெழுத்தும் வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். எஸ்.பி.எம். சிஜில் (சான்றிதழ்) கையில் வர மலாய்மொழி, வரலாறு இரண்டிலும் தேர்ச்சி கட்டாயம். மற்ற பாடங்களில் என்ன வாங்கியிருந்தாலும் இந்த இரண்டில் ஒன்று போனால் சிஜில் இல்லை. சிஜில் இல்லையென்றால் டிப்ளோமாவும் இல்லை, அணி வைத்திருக்கும் நிறுவனத்தில் வேலையும் இல்லை. அதாவது ஹாக்கியால் கிடைக்கக் கூடிய நல்ல வேலைக்கே வரலாற்றுப் பாடம் குறுக்கே நிற்கும். சோதனைத் தேதிகளும் லீக் அட்டவணையும் அண்மை ஆண்டுகளில் மாறிக்கொண்டே வந்திருப்பதால், போன ஆண்டு மோதவில்லை என்பதை நம்பாமல் இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விளையாட்டுப் பள்ளியில் இருப்பவர்களுக்கு இது ஓரளவு எளிது. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியிலோ ஜொகூர் பண்டார் பெனாவாரிலோ அஸ்ராமா விடுதியில் தங்கிப் படிப்பும் பயிற்சியும் ஒரே நேர அட்டவணையில் ஓடும். சாதாரணப் பள்ளியில் படித்துக்கொண்டு செந்தூலிலிருந்தோ பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ இரவுப் பயிற்சிக்குப் போகிறவன் பத்தரை மணிக்கு வீடு திரும்பிச் சோறு சாப்பிட்டுப் படுக்க நள்ளிரவு ஆகும். காலை ஆறுக்கு எழ வேண்டும். மூன்று மாதம் தாக்குப்பிடிப்பான். நான்காம் மாதம் ஒன்று தொடைத்தசை பிடிக்கும் அல்லது மதிப்பெண் சரியும்.

எஸ்.பி.எம்.முக்குப் பின் வரும் உபகாரச் சம்பள வாய்ப்பு, நம் பார்வையில், பெரும்பாலான பையன்களுக்குச் சரியான "புரொபஷனல்" கதவு. ஹாக்கி அணி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தையும் தங்குமிடத்தையும் கொடுத்து லீக்கில் ஆடவைக்கின்றன. 22 வயதில் கையில் டிப்ளோமாவோ பட்டமோ இருக்கும், காலில் நான்கு பருவ ஆட்டமும் இருக்கும். ஆனால் இங்கேதான் சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. 18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. இதை அரைகுறையாகக் கேள்விப்பட்ட பெற்றோர் "பையனுக்கு 17தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எதிலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 1976இல் ஒப்பந்தச் சட்டத்தில் செய்த திருத்தம், அரசோ சட்டப்படி அமைந்த வாரியமோ கல்வி நிலையமோ தரும் உபகாரச் சம்பள ஒப்பந்தங்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்குத் தருகிறது. வயது குறைவு என்று சொல்லி அதிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. ஜாமீனாகக் கையெழுத்திட்ட அப்பாவும் மாட்டுவார். அதனால் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். காயத்தால் ஆட முடியாமல் போனால் படிப்புச் செலவு தொடருமா? அணியிலிருந்து அவர்களே நீக்கினால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா? "பிறகு பேசிக்கலாம்" என்ற பதில் பதிலாகாது.

கிளப் ஒப்பந்தத்தில் தேட வேண்டிய இடங்களும் இப்படித்தான் சிறு எழுத்தில் ஒளிந்திருக்கும். சம்பளம் எந்தத் தேதியில் என்று எழுதியிருக்கிறதா, அல்லது "ஆதரவாளர் பணம் வந்த பின்" என்றா? அடுத்த பருவத்துக்கும் கிளப் மட்டும் நீட்டிக்கலாம் என்ற வரி இருக்கிறதா? இருந்தால் பையனுக்கும் விலகும் உரிமை கேளுங்கள். தேசிய முகாமுக்கு அழைப்பு வந்தால் அந்த நாள்களுக்குச் சம்பளம் வெட்டப்படுமா? காப்புறுதி என்று எழுதியிருந்தால் எந்தக் காப்புறுதி? பல நேரம் அது விபத்து இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்தான்; முழங்கால் நார் அறுந்தால் சிகிச்சைக்கு அதில் சிறு தொகையே ஒதுக்கியிருப்பார்கள். அந்த அறுவைச் சிகிச்சை தனியார் மருத்துவமனையில் பல்லாயிரம் ரிங்கிட். திடலுக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதம், அதாவது ஒரு முழுப் பருவத்துக்கும் மேல். பருவ ஒப்பந்தம் அதற்குள் காலாவதியாகிவிடும்.

பினாங்குப் பையன்களுக்கு இன்னொரு செலவு. பத்து உபானில் திடல் இருக்கிறது, ஆனால் மூத்த கிளப் வேண்டுமென்றால் பெரும்பாலும் கோலாலம்பூர் வந்தாக வேண்டும். அறை வாடகை, மோட்டார் எண்ணெய், மாமாக் கடைச் சாப்பாடு என்று கழித்தால் மேலே போட்ட 12,000 கணக்கில் மீதி தேறாது. தங்குமிடம் தராத கிளப்புக்குப் பினாங்கிலிருந்து வருவது கைக்காசு போட்டு ஆடுவதுதான்.

பெண் பிள்ளைகளுக்கு மேலே சொன்னது எல்லாம் பொருந்தும், இரண்டு வேறுபாடு. வளர்ச்சி வேகம் சராசரி 12 வயதிலேயே வந்துவிடுவதால் 17இல் உடம்பு கிட்டத்தட்ட முடிந்திருக்கும். ஆனால் வேலை தரும் அணிகள் குறைவு; ஆகவே உபகாரச் சம்பள வழிக்கு இன்னும் கூடுதல் எடை கொடுக்க வேண்டும். களைப்புத் தொடர்ந்தால் இரும்புச் சத்தைச் சோதிக்கவும்.

வெளிநாட்டு லீக் கனவு 21 வயதுக்கு முன் வேண்டாம். 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கிய இந்திய லீக் சில வாரங்களில் முடிவது, ஏலத்தில் பெயர் பெற்றவர்களுக்கானது. நெதர்லாந்து, ஜெர்மனி கிளப்புகள் பலவற்றில் தங்குமிடமும் சிறு தொகையும் தந்து சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுக்கவும் சொல்வார்கள். கற்றுக்கொள்ள அருமையான இடம், சம்பாதிக்க அல்ல. எங்கே போவதானாலும் நாட்டுச் சங்கத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

சளி மாத்திரையையும் சொல்லிவிட வேண்டும். மூத்த லீக்கில் ஊக்கமருந்துச் சோதனைக்கு ஆள் வரலாம். மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் அளவு மீறினால் போட்டி நாளில் தடைப்பொருள். ஜாமு மூலிகை மருந்து, உடம்பு தேற்றும் பாக்கெட் மாவு வகைகளும் அப்படித்தான், உள்ளே என்ன இருக்கிறதென்று உறையில் முழுதாக எழுதியிருக்காது.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பையன் ஐந்தாம் படிவம். மேனேஜருக்கு அனுப்பக் கூடிய பதில் இவ்வளவுதான்: "வணக்கம் அண்ணே. தம்பியைக் கேட்டதற்கு நன்றி. இந்த ஆண்டு எஸ்.பி.எம்., அதனால் கையெழுத்து வேண்டாம் என்று இருக்கிறோம். வாரம் இரண்டு நாள் மூத்த அணியோடு பயிற்சிக்கு அனுப்ப முடியுமா என்று சொல்லுங்கள். அடுத்த பருவத்துக்கு அவன் இடத்தில் யார் இருப்பார் என்று தெரிந்ததும் உட்கார்ந்து பேசலாம்." உண்மையாகவே பையனை வேண்டும் என்று நினைக்கிற கிளப் திங்கட்கிழமை பயிற்சி நேரத்தை அனுப்பிவிடும்.